சால்டரை மாற்றினால் மட்டும் போதுமா?

வாங்குகிறவரே பாகங்களைப் பொருத்திக்கொள்ளும் எலக்ட்ரானிக்ஸ் கிட்டை வீட்டிலிருந்தே தயாரித்து விற்கும் வாசகி ஒருவர் ஐந்து பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவரும் அவர் தம்பியும் ஆறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். மூன்று வகை கிட்: இருட்டினால் தானாக எரியும் விளக்கு, பேட்டரியில் ஓடும் சிறிய ஆம்ப்ளிஃபயர், ஹாம் வானொலிக்காரர்களுக்கான, அதாவது பொழுதுபோக்காக வானொலியில் தொடர்புகொள்கிறவர்களுக்கான ஒரு ஷார்ட்வேவ் ரிசீவர். தம்பி சர்க்யூட் வரைந்து பிசிபிக்கு, அதாவது பாகங்களைப் பொருத்தும் பலகைக்கு, ஆர்டர் கொடுப்பார். அக்கா பாகங்களை எண்ணிப் பொட்டலம் கட்டுவார். ஒவ்வொரு பொட்டலத்திலும் பாகங்களைப் பலகையில் உருக்கி ஒட்டுவதற்கான 60/40 சால்டர் கம்பி ஒரு மீட்டர் சுருட்டி வைப்பது ஆரம்பத்திலிருந்தே வழக்கம். மாதம் முப்பது, நாற்பது கிட் போகும். இப்போது ஜெர்மனியில் உள்ள ஒரு கடை மூன்று வகையிலும் இருபது இருபதாக அறுபது கிட் கேட்டிருக்கிறது. கூடவே ஆர்ஓஎச்எஸ் (மின்சாதனங்களில் நச்சுப் பொருட்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய விதி) உறுதிமொழியும், பொருள் ஐரோப்பியச் சட்டங்களுக்கு ஒத்தது என்று காட்டும் சிஇ முத்திரையும் வேண்டும் என்கிறது.

அவர் கேட்பது இது: "நாங்கள் எதையும் சால்டர் செய்து அனுப்புவதில்லை. வாங்குகிறவர்தான் செய்கிறார். அப்படியிருக்க ஈயமில்லா சால்டர் சட்டம் எங்களுக்கு எப்படிப் பொருந்தும்? நாங்கள் மிகச் சிறியவர்கள், படிப்புக்கான பொருள்தானே விற்கிறோம். ஹாம் கிட்டுக்கு விலக்கு உண்டு என்கிறான் தம்பி. பொட்டலத்தில் சிஇ என்று அச்சடித்துவிட்டால் தீர்ந்தது என்றும் சொல்கிறான். ஒருமுறை ஈயமில்லாக் கம்பி வைத்து இருபது கிட் அனுப்பினோம். ஏழு திரும்பி வந்தது, பிசிபியில் பேட் (பாகத்தின் காலை ஒட்டும் செப்புப் பரப்பு) பெயர்ந்துபோய். பழைய கம்பிக்கே திரும்பிவிட்டோம். இந்த ஆர்டரை எடுக்கலாமா, விட்டுவிடலாமா?"

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி: "சாப்பாட்டு மேசையில்தான் கம்பியை வெட்டிச் சுருட்டுவேன். இரண்டு வயது மகள் பக்கத்திலேயே விளையாடிக்கொண்டிருப்பாள்."

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்காத அந்தக் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆர்டரும் சட்டமும் ஒரு வாரம் காத்திருக்கும். அந்த மேசை காத்திருக்கக் கூடாது.

முதலில் அந்த மேசை

நம் மொழியில் 'ஈயம்' என்ற ஒரே சொல் வெள்ளீயத்துக்கும் காரீயத்துக்கும் ஓடுகிறது. அதனால் ஒரு குழப்பம். 'ஈயமில்லா' கம்பியில் இருப்பதும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றொன்பது பங்கு ஈயம்தான், வெள்ளீயம். உடம்புக்குக் கெடுதல் செய்வதும் சட்டம் தடுப்பதும் காரீயத்தை. இனி இந்தப் பதிலில் காரீயம் என்றே எழுதுகிறேன். உங்கள் 60/40 கம்பியில் நூற்றுக்கு நாற்பது பங்கு அதுதான்.

பலரும் சால்டர் புகைக்குத்தான் பயப்படுகிறார்கள், காரீயம் ஆவியாகி மேலே வருகிறது என்று நினைத்து. காரீயம் கொதிப்பது 1749 டிகிரி செல்சியஸில். சால்டரை உருக்கும் அயர்ன் முனையின் சூடு 350 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். கண்ணில் படும் அந்தப் புகை, சால்டர் நன்றாக ஒட்டுவதற்காகக் கம்பிக்குள் வைத்திருக்கும் ஃபிளக்ஸ் எரிவதால் வருவது. ரோசின் ஃபிளக்ஸ் புகை ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது என்பதால் அதையும் மூச்சில் இழுக்கக் கூடாது. ஆனால் அது கம்பியில் காரீயம் இருந்தாலும் வரும், இல்லாவிட்டாலும் வரும்.

காரீயம் உள்ளே போகிற வழி கையும் வாயும். கம்பியை வெட்டி, விரலில் சுற்றிச் சுருட்டும்போது விரலில் சாம்பல் நிறக் கறை ஒட்டும், கவனித்திருப்பீர்கள். அந்தக் கறையோடு மேசையைத் தொடுகிறோம், தண்ணீர் டம்ளரை எடுக்கிறோம், குழந்தையின் கன்னத்தைத் தடவுகிறோம். வெட்டும்போது தெறிக்கிற பொடித் துண்டு தரையில் கிடக்கும். இரண்டு வயதுப் பிள்ளை கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயது. காரீயத்துக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போன அதே அளவு காரீயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு பிள்ளைகளின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும் என்பதும் அந்த நிறுவனம் சொல்வதுதான். பாதிக்கப்படுவது வளர்கிற மூளை.

உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. இன்றே செய்யக்கூடியது இருக்கிறது. கம்பி வேலையை அந்த மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். குழந்தை வராத இடத்தில், விளிம்பு வைத்த ஒரு தட்டுக்குள் வைத்து வெட்டுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். மேசையையும் தரையையும் ஈரத் துணியால் துடையுங்கள், பெருக்கினால் தூள் பறக்கும். ஆறு வருடமாக நடக்கிற பழக்கம் என்பதால், குழந்தைகள் நல மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி ரத்தத்தில் காரீய அளவு பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைதான். நீங்கள் மறுபடி கருவுற்றிருந்தாலோ அப்படி எண்ணம் இருந்தாலோ அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது ஆர்டருக்கு வருவோம்.

"நாங்கள் சால்டர் செய்வதில்லையே"

இந்தச் சட்டத்தை 'ஈயமில்லா சால்டர் சட்டம்' என்று அழைத்து அழைத்தே பாதிப் பேருக்குத் தவறான எண்ணம் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆர்ஓஎச்எஸ் விதி, இப்போது 2011/65/ஈயு என்ற எண்ணில் இருக்கிறது. அதில் சால்டருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. மின்சாரத்தில் இயங்கும் சாதனத்துக்குள் இருக்கிற எந்தப் பொருளிலும் குறிப்பிட்ட பத்து நச்சுப் பொருட்கள் அளவு மீறக் கூடாது என்பதுதான் விதி. காரீயம், பாதரசம், காட்மியம், ஆறிணைத்திற குரோமியம், இரண்டு வகை புரோமின் தீத்தடுப்பான்கள் என்று ஆறு முதலில் இருந்தன. பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் நான்கு, 2019 ஜூலை 22 முதல் சேர்ந்தன. காட்மியத்துக்கு வரம்பு 0.01 சதவீதம், மற்ற ஒன்பதுக்கும் 0.1 சதவீதம்.

இந்தச் சதவீதத்தை எதன்மேல் கணக்கிடுவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். முழு கிட்டின் எடையில் 0.1 சதவீதம் என்று நினைத்துவிடாதீர்கள். இயந்திர முறையில் இனியும் பிரிக்க முடியாத ஒவ்வொரு சீரான பொருளிலும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒரு ரெசிஸ்டரை எடுத்தால் அதன் உடல் ஒன்று, கால் கம்பி ஒன்று, அந்தக் கம்பிமேல் இருக்கிற மெல்லிய பூச்சு இன்னொன்று. பூச்சில் ஒரு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் காரீயத்தைத் தாண்டினால் அந்த ரெசிஸ்டர் தேறாது, முழு ரெசிஸ்டரின் எடையில் அது எவ்வளவு சொற்பமாக இருந்தாலும்.

ஆகவே சால்டர் வைப்பது யார் என்பது இரண்டாவது கேள்வி. உங்கள் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பதே முதல் கேள்வி. கிட் என்பதற்காகத் தனி விலக்கு எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. பிரித்து, பொருத்தி, பேட்டரி போட்டால் வேலை செய்வதற்கு வேண்டிய எல்லாம் ஒரே பொட்டலத்தில், உங்கள் பெயரில் விற்கப்படுகிறது. அதைச் சாதனமாகவே கருதி நடந்துகொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. வெறும் பாகங்கள்தான் என்று வாதாடலாம். ஆனால் அந்த வாதத்தை நம்பி அறுபது கிட்டைக் கப்பலேற்றுவது உங்களைப் போன்ற சிறிய தொழிலுக்குத் தாங்காது.

உங்களிடமிருந்து வாங்கியவர் தன் வீட்டில், தன் உபயோகத்துக்கு எந்தக் கம்பியால் சால்டர் செய்தாலும் அவர் இந்தச் சட்டத்தை மீறவில்லை, நீங்களும் மீறவில்லை. அவர் எதையும் சந்தையில் வைக்கவில்லை. அந்த அளவுக்கு நீங்கள் சொன்னது சரி.

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால்

உங்கள் பாகப் பட்டியலை வரி வரியாகப் பார்த்தேன். நான்கு இடத்தில் நின்றேன்.

முதலாவது, அந்த ஒரு மீட்டர் கம்பி. சால்டர் கம்பி மின்சாதனம் இல்லை என்பதால் ஆர்ஓஎச்எஸ் அதைத் தொடாது. ஆனால் ரீச் என்ற வேதிப்பொருள் சட்டம் தொடும். காரீயம் இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டதால், 2018 மார்ச் 1 முதல் காரீயம் கலந்த சால்டரை ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுமக்களுக்கு விற்கக் கூடாது. தொழில்முறையில் பயன்படுத்துவோருக்கு மட்டும் விற்கலாம். கிட் வாங்குகிறவர் பொழுதுபோக்குக்காரர், அதாவது பொதுமக்களில் ஒருவர். 1 மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டர் என்றால் ஏறக்குறைய 6 கிராம், அதில் இரண்டு கிராமுக்கு மேல் காரீயம். அந்தச் சுருளை எடுத்துவிடுங்கள். இது மட்டும் பேச்சுக்கே இடமில்லாதது.

இரண்டாவது, பிசிபி. நீங்கள் அனுப்பிய படத்தில் பேடுகள் வெள்ளியாக மின்னுகின்றன. ஆர்டர் ரசீதில் 'ஹாசல்' என்று மட்டும் இருக்கிறது. ஹாசல் என்றால் உருகிய சால்டரில் பலகையை முக்கி, சூடான காற்றால் அதிகப்படியை ஊதித் தள்ளுவது. 'ஈயமில்லா ஹாசல்' என்று தனியாகக் கேட்டு வாங்கினால் ஒழிய, அந்தச் சால்டர் பெரும்பாலும் காரீயக் கலவைதான். குறைந்த விலைக்கு அடித்துத் தரும் இடங்களில் அதுதான் கேட்காமலே வருவது. அப்படியானால் நீங்கள் ஒரு இடத்தில்கூட சால்டர் வைக்காமலே, காரீயச் சால்டர் பூசிய பலகையை விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். தொழிலின் ஆரம்பத்தில் ஒரு வாடிக்கையாளரின் கோப்பை நானும் இப்படித்தான் பார்த்தேன். எல்லாப் பாகத்துக்கும் சான்று கேட்டு வாங்கிவிட்டு, பலகைக்குக் கேட்கவில்லை. சோதனைக்கூடத்தில் எக்ஸ்ரே கருவியைப் பேடின்மேல் வைத்தார்கள், திரையில் காரீயம் 30 சதவீதத்துக்கு மேல். அவர் முழுச் சரக்கையும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து நான் பலகையில்தான் ஆரம்பிக்கிறேன். அடுத்த ஆர்டரில் ஈயமில்லா ஹாசல் என்றோ, தங்கப் பூச்சான எனிக் என்றோ எழுத்தில் கேளுங்கள். ரசீதிலும் அந்தச் சொல் வர வேண்டும்.

மூன்றாவது, விளக்கு கிட்டில் வெளிச்சத்தை உணரும் பாகமான எல்டிஆர். இதை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். முகத்தில் பாம்பு போல வளைந்து ஓடும் கோடு தெரியும் அல்லவா, அது காட்மியம் சல்ஃபைடு. அதன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் காட்மியம். சட்டம் அனுமதிப்பது 0.01 சதவீதம். தொழில்முறை ஒலிக்கருவிகளில் வரும் ஒரு வகைக்கு மட்டும் கொஞ்ச காலம் விலக்கு இருந்தது, அதுவும் 2013 முடிவோடு போயிற்று. நீங்கள் உலகத்திலேயே நல்ல ஈயமில்லாக் கம்பியை வைத்தாலும் இந்த ஒரு எல்டிஆர் போதும், கிட் நிற்காது. அதற்குப் பதிலாக ஃபோட்டோ டிரான்சிஸ்டர் போடுங்கள். எல்டிஆருக்கு எந்தக் கால் எங்கே என்ற கணக்கில்லை, ஃபோட்டோ டிரான்சிஸ்டருக்கு உண்டு. ஆகவே பலகை அச்சிலும் விளக்கத்தாளிலும் கால் அடையாளம் காட்ட வேண்டும். அதில் ஓடும் மின்னோட்டமும் குறைவு என்பதால், கூட இருக்கும் ரெசிஸ்டரைத் தம்பி பெரிதாக்க வேண்டிவரும். ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தால் முடிகிற வேலை.

நான்காவது, ரிசீவர். அதன் ஐஎஃப் காயில்களும் (உள்ளே சிக்னலை வடிகட்டும் கம்பிச் சுருள்கள்), நிலையத்தைத் தேடத் திருகும் வேரியபிள் கெபாசிட்டரும் பழைய கையிருப்பிலிருந்து மொத்தமாக வாங்கியவை என்கிறீர்கள். 2006க்கு முன் செய்த பாகங்களின் கால்களில் வெள்ளீய-காரீயப் பூச்சு இருப்பது சர்வசாதாரணம். எப்போதோ செய்த பாகம் என்பதற்காகப் புதுச் சாதனத்துக்கு விலக்குக் கிடைக்காது. எந்தத் தயாரிப்பாளரும் இப்போது அதற்குச் சான்று தரப்போவதும் இல்லை.

மற்றபடி இன்றைய ரெசிஸ்டர், கெபாசிட்டர், ஐசி எல்லாம் பெரிய தயாரிப்பாளர்களுடையது என்றால் கவலை குறைவு. சிப் ரெசிஸ்டரின் கண்ணாடிப் படலத்தில் காரீயம் இருக்கும். பித்தளைப் பின்களில் 4 சதவீதம் வரை இருக்கும். இவற்றுக்கெல்லாம் சட்டத்திலேயே விலக்கு இருந்துவருகிறது. அந்த விலக்குகளுக்கு முடிவுத் தேதி உண்டு, அவ்வப்போது திருத்துவார்கள். அதனால் சான்றுகளை ஒருமுறை வாங்கி வைத்ததோடு விட்டுவிடாதீர்கள். இணைப்புக்குத் தருகிற பிவிசி ஒயரில் தாலேட்டைப் பற்றியும் விற்றவரிடம் கேளுங்கள்.

சிறியவர், படிப்பு, ஹாம்

சிறிய தொழிலுக்கு விலக்கு என்று எங்கோ கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது வேறு நாட்டு விதியிலிருந்து வந்திருக்கலாம். உதாரணமாக, இந்தியாவின் 2022 மின்கழிவு விதிகள் குறுந்தொழில்களுக்குப் பொருந்தாது என்று சொல்கின்றன. ஐரோப்பிய ஆர்ஓஎச்எஸ் அப்படிச் சொல்லவில்லை. ஒன்று விற்றாலும் லட்சம் விற்றாலும் அளவு ஒன்றே. இலவசமாகக் கொடுத்தாலும், வியாபாரத்தின் பகுதியாகக் கொடுத்தால் சந்தையில் வைத்ததாகவே கணக்கு. இது சிறியவர்களுக்குக் கடினமான சட்டம்தான், அதை நான் மறைக்கவில்லை. பெரிய நிறுவனத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கும், உங்கள் வீட்டில் நீங்களும் தம்பியும்தான். ஆனால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. மூன்று கிட்டுக்கும் சேர்த்து நாற்பது வகைப் பாகம். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும்.

படிப்புக்கான பொருள் என்பதற்கும் விலக்கு இல்லை. ஆராய்ச்சிக்கு மட்டுமென்று வடிவமைத்து, நிறுவனத்துக்கு நிறுவனம் விற்கிற கருவிகளுக்கு விலக்கு உண்டு, அது உங்களுக்கு ஒத்துவராது. இன்னொன்று: உங்கள் அட்டையில் '10 வயது முதல்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். ஐரோப்பாவில் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் விளையாடுவதற்கென்று விற்றால் பொம்மைகளுக்கான தனிச் சட்டத்துக்குள் இழுத்துவிடுவார்கள். அமெரிக்காவில் 12 வயது வரையான பிள்ளைகளுக்கான பொருளென்றால், அவர்கள் கை படுகிற பாகங்களில் காரீயம் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டக் கூடாது. ஆர்ஓஎச்எஸ் வரம்பைவிட அது பத்து மடங்கு கடுமை. பெரியவர்கள் பொழுதுபோக்காகச் செய்கிற பொருள் என்றால் அப்படியே எழுதுங்கள், விளம்பரப் படங்களும் அதற்கேற்றபடி இருக்கட்டும்.

ஹாம் கிட் விஷயத்தில் தம்பி சொன்னதில் பாதி உண்மை. ஹாம் வானொலிக்காரர்கள் தாங்களே பொருத்திக்கொள்ளும் கிட்டுகள் வானொலிச் சாதனச் சட்டத்துக்குள் வராது. அந்த விலக்கு அந்தச் சட்டத்தோடு சரி. நச்சுப் பொருள் சட்டத்துக்கு அது எட்டாது.

திரும்பி வந்த ஏழு கிட்

ஈயமில்லாக் கம்பி சரியில்லை என்று நீங்கள் முடிவுகட்டியதை ஒத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. உங்கள் விளக்கத்தாளைப் படித்தேன். ஐந்தாவது குறிப்பு: "சால்டர் கண்ணாடி போல் பளபளக்க வேண்டும். மங்கலாக இருந்தால் மறுபடி சூடாக்குங்கள்." காரீயச் சால்டருக்கு இது நல்ல குறிப்பு. ஈயமில்லாச் சால்டரோ நன்றாகப் பிடித்திருந்தாலும் கொஞ்சம் மங்கலாக, சொரசொரப்பாகத்தான் ஆறும். உங்கள் வாடிக்கையாளர் தாளை நம்பி, நன்றாக இருந்த இணைப்பை இரண்டாம் முறை, மூன்றாம் முறை சூடாக்கியிருக்கிறார். பேட் பெயர்ந்துவிட்டது. பளபளப்பைப் பார்க்கச் சொல்லாதீர்கள். சால்டர் பேட் முழுக்கப் படர்ந்து, கால் கம்பியைச் சுற்றிக் கூம்பாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சரியான இணைப்பின் படத்தையும் புதிதாக எடுத்துப் போடுங்கள்.

சூடும் வேறுதான். 63/37 கம்பி 183 டிகிரியில் உருகும், உங்கள் 60/40 அதற்குச் சற்று மேலே. வெள்ளீயத்தோடு 3 சதவீதம் வெள்ளி, அரை சதவீதம் செம்பு சேர்த்த எஸ்ஏசி305 உருகுவது 217இலிருந்து 220 டிகிரிக்குள். வெள்ளி இல்லாமல் 0.7 சதவீதம் செம்பு மட்டும் சேர்த்தது 227 டிகிரியில் உருகும், விலையும் குறைவு. ஊசி முனையை விட்டுவிட்டு உளி முனையை 350, 370 டிகிரியில் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். தம்பியிடம் பேடுகளைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லுங்கள். கிரவுண்ட் செப்புப் பரப்போடு ஒட்டும் பேடுகளுக்கு மெல்லிய நாலு இணைப்பு மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் சூட்டையெல்லாம் அந்தப் பரப்பே குடித்துவிடும், கற்றுக்கொள்கிறவர் அயர்னை வைத்துக்கொண்டே நிற்பார்.

138 டிகிரியிலேயே உருகும் பிஸ்மத் கம்பி சுலபமாக இருக்குமே என்று தம்பிக்குத் தோன்றலாம். அதை வைக்காதீர்கள். வாங்குகிறவரின் அயர்ன் முனையில் பழைய காரீயச் சால்டர் ஒட்டியிருக்கும். பிஸ்மத்தும் காரீயமும் வெள்ளீயமும் கலந்தால் 96 டிகிரியிலேயே உருகக்கூடிய கலவை உண்டாகும். ஆம்ப்ளிஃபயரில் சூடாகிற டிரான்சிஸ்டரின் கால் ஒருநாள் தானாகவே கழன்று நிற்கும்.

கம்பியே வைக்காமல், "சால்டர் தனியாக வாங்கிக்கொள்ளவும்" என்று போடுவது இன்னொரு வழி. பழகியவர்களுக்கு அது போதும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஈயமில்லாக் கம்பி ஒரு மீட்டர் வைப்பதையே நான் விரும்புவேன், அவர் வீட்டிலும் குழந்தை இருக்கலாம்.

சிஇ முத்திரையும் கோப்பும்

சிஇ முத்திரையை யாரும் உங்களுக்குக் கொடுப்பதில்லை, நீங்களே போட்டுக்கொள்வதுதான். தம்பி சொன்னதில் அதுவரை சரி. ஆனால் அதைப் போடுவது, பொருந்துகிற எல்லாச் சட்டங்களையும் பார்த்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டுச் சொல்வதற்குச் சமம். பின்னால் கோப்பு இல்லாமல் முத்திரை மட்டும் இருந்தால், காரீயம் ஒரு துளி இல்லாவிட்டாலும் அதுவே மீறல்.

கோப்பு என்றதும் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு பாகத்துக்கும் தயாரிப்பாளரின் ஆர்ஓஎச்எஸ் சான்று, பலகைக்கு அதை அடித்துக் கொடுத்தவரின் எழுத்துபூர்வ உறுதி, பாகப் பட்டியல், சர்க்யூட் படம், எந்தப் பாகத்தில் ஆபத்து அதிகம் என்று நீங்கள் எண்ணிப் பார்த்த குறிப்பு. எப்படித் தொகுப்பது என்பதற்கு இஎன் ஐஇசி 63000:2018 என்ற தரநிலை இருக்கிறது. எல்லாவற்றையும் சோதனைக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லவில்லை, சந்தேகமானதை மட்டும் சோதிக்கலாம் என்பதே அதன் முறை. இதன்மேல் ஒரு பக்க உறுதிமொழியில் தயாரிப்பாளராக உங்கள் பெயர், முகவரி, கிட்டின் பெயர், சட்டத்தின் எண், தேதி, கையெழுத்து. கோப்பையும் உறுதிமொழியையும் பத்து வருடம் வைத்திருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயருக்கும் விளக்குக்கும் மின்காந்த இடையூறு பற்றிய மதிப்பீடும் அதே கோப்பில் சேர வேண்டும். இரண்டுமே பேட்டரியில் ஓடுபவை, ஸ்விட்சிங் சர்க்யூட் இல்லாதவை என்பதால் அது பெரிய பாரமாக இருக்காது.

ஐரோப்பாவில் தனி வாடிக்கையாளர்களுக்கு நேராகத் தபாலில் அனுப்புவதைவிட இந்தக் கடை வழியாகப் போவது உங்களுக்குச் சுலபம். 2021 ஜூலை 16 முதல், இந்த வகைப் பொருளுக்கு ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்க ஒருவர் இருந்தே ஆக வேண்டும். கடை உங்களிடம் வாங்கி விற்றால் அதுவே இறக்குமதியாளர், அந்தப் பொறுப்பு அதனுடையது. ஜெர்மனியில் மின்கழிவுக்கான பதிவும் இறக்குமதியாளர் பக்கம்தான். நேரடித் தபால் என்றால் ஒரு பிரதிநிதியை நீங்களே அமர்த்த வேண்டிவரும்.

ஆர்டரை எடுக்கலாமா?

எடுங்கள், ஆனால் முழுதாக வேண்டாம். ஆம்ப்ளிஃபயர் கிட்டுக்கு ஈயமில்லாப் பலகையும் பாகச் சான்றுகளும் வந்தால் போதும், அதை முதலில் அனுப்பலாம். விளக்கு, எல்டிஆரை மாற்றி நீங்களே பத்து கிட் பொருத்திப் பார்த்த பிறகு. ரிசீவரை இப்போதைக்கு இந்தக் கடைக்குத் தராதீர்கள். காயில்களைப் புதிதாகச் சுற்றித் தருகிறவர் கிடைத்து, வேரியபிள் கெபாசிட்டருக்குப் பதில் அதே வேலையை மின்னழுத்தத்தால் செய்யும் வேரக்டர் டையோடு போட்டுத் தம்பி சர்க்யூட்டை மாற்றினால் அப்புறம் பார்க்கலாம்.

கையிருப்பில் இருக்கும் 400 பழைய பலகைகளை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவை ஐரோப்பாவுக்குப் போகக் கூடாது. மற்ற இடங்களிலும் அங்குள்ள விதியைப் பார்த்துத்தான் விற்க வேண்டும். சீனா, இந்தியா, பிரிட்டன் விதிகளிலும் காரீயத்துக்கு இதே 0.1 சதவீதம் இருக்கிறது, யாருக்குப் பொருந்தும் என்பதுதான் மாறும். விற்க முடியாததை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். அதுவரை தனிப் பெட்டியில், மேலே பெரிதாக எழுதி, புதுப் பலகைகளோடு கலக்காமல் வையுங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கடைக்கு இந்த வாரமே பதில் எழுதுங்கள். "ஆம்ப்ளிஃபயரும் விளக்கும் ஈயமில்லாப் பலகையில், உறுதிமொழியோடு தருகிறோம். ஆம்ப்ளிஃபயர் எட்டு வாரத்தில், விளக்கு பன்னிரண்டு வாரத்தில். ரிசீவரில் பழைய பாகங்கள் இருப்பதால் இப்போது தர இயலாது. இறக்குமதியாளராக உங்கள் பெயரும் முகவரியும் பொட்டலத்தில் எப்படி வர வேண்டும் என்று சொல்லுங்கள்." இப்படி ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிற சிறிய தயாரிப்பாளரைக் கடைக்காரர்கள் விட்டுவிட மாட்டார்கள், கேட்ட உடனே எல்லாவற்றுக்கும் சரி என்கிறவரிடம்தான் அவர்களுக்குச் சந்தேகம் வரும். பலகை ஆர்டர் ரசீது வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள், பணம் கட்டுவதற்கு முன் பார்த்துச் சொல்கிறேன். மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.